சுடாத பாதம்

எனக்கு நாற்பது வயது முடிந்தபோது மதுரையில் என்னை நன்றாகத் தெரிந்தவர் என்று ஒரே ஒருவர்தான் இருந்தார். தெற்குமாசி வீதிக் காப்பி கிளப்பில் பரிமாறுகிறவர். அவருக்கு என் பெயர் தெரியாது. அவர் பெயரை நானும் கேட்டதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும், "வாங்கண்ணே, வழக்கம்போலதான?" என்பார். காப்பியில் இன்னொரு கரண்டி சீனி கூடப் போட்டு, நுரை ததும்ப ஆற்றிக் கொண்டுவந்து வைப்பார். பக்கத்து மேசைக்காரர்களுக்கு அந்தக் கூடுதல் கரண்டி கிடையாது. அந்த ஒரு கரண்டிக்காகவே நான் தினம் ஐந்து தடவை அங்கே போனேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வேறு யாரும் எனக்கென்று எதையும் எடுத்து வைக்காத காலம் அது.

என் மனைவி, கல்யாணமான மூன்றாம் வருஷம் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து இரண்டாம் கல்யாணத்துக்குப் பேச வந்தார்கள். வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். இரண்டு மூன்று வருஷம் விடாமல் எரிந்து விழுந்தால், பிறகு யாரும் பேச வரமாட்டார்கள். கல்யாணப் பேச்சுக்கு மட்டுமல்ல, எந்தப் பேச்சுக்கும் வரமாட்டார்கள். அது எனக்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று.

அப்போது ஜில்லாக் கோர்ட்டு நாயக்கர் மகாலில்தான் நடந்தது. அங்கே நகல் எழுதுகிறவன் நான். தீர்ப்பு, பிராது, வாக்குமூலம் எது வந்தாலும் அப்படியே பார்த்து எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன், காப்பி நேரம் தவிர. இந்த ஜில்லாவின் அண்ணன் தம்பிச் சண்டை எத்தனையோ என் கையெழுத்தில் இருக்கிறது. எனக்குத்தான் சண்டை போட வீட்டில் ஆள் இல்லை.

வீடு என்பது மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. கூப்பிடு தூரம், நடக்க வேண்டிய அவசியமே கிடையாது. காலையில் கிளப்பில் பூரி, மத்தியானம் கிளப்பில் சாப்பாடு. சாயங்காலம் ஒரு பொட்டலம் அல்வா வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து, பாயில் படுத்தபடி தின்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன். எழுந்து எங்கே போவது? என் தம்பி ஊரில் கேப்பைக் களியைத் தின்றுவிட்டு விடிந்ததிலிருந்து மாட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். அவனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் இளப்பம்கூட இருந்தது. நான் உட்கார்ந்து சாப்பிடுகிற உத்தியோகஸ்தன் அல்லவா.

வீட்டுக்காரர்கள் பட்டுநூல்காரர்கள். தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொள்வார்கள். அது எனக்குப் புரியாது. முன்கட்டில் தறி ஓடும். வீட்டுக்கார அம்மாள் என்னைவிடப் பத்து வயது பெரியவள் இருக்கலாம். ஒருநாள் கொல்லைப்புறச் சாக்கடையைக் காட்டி, "ஐயா, நீங்க போன எடத்துல எறும்பு மொய்க்குது. பாத்தீங்களா? எங்க மாமனாருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள்.

ஒரு பெண்பிள்ளை என்னிடம் இதைப் பேசலாமா என்று எனக்குச் சுருக்கென்றது. "உங்க பாவுக்குப் போடுற கஞ்சிக்கு வர்ற எறும்புக்கு என்மேல ஏன் பழி போடுறீங்க?" என்று கத்தினேன். நெசவு வீட்டில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது வழக்கம். மிச்சத்தைக் கொல்லையில்தான் கொட்டுவார்கள். ஆகவே என் வாதத்தில் சட்டப்படி ஓட்டை ஒன்றும் இல்லை. அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து கஞ்சியை வாசல் பக்கம் கொட்டினார்கள். எறும்புகள் கொல்லையிலேயே இருந்தன.

தாகமும் அப்போது ஆரம்பித்துவிட்டது. அறையில் இருந்த மண்பானை ஒரு நாளைக்கே போதவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனேன். பக்கத்தில் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று வைகைப் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையத்துக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் யார் இருந்தார்கள், பார்ப்பதற்கு? அந்த வீம்பை இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

அங்கே ஒரு முஸ்லிம் டாக்டர். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் நீரில் சில சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"நீரிழிவு. ரொம்ப நாளா இருந்திருக்கு" என்றார். "சீனிய விடணும், அல்வா கில்வா எல்லாம் விடணும். அரிசியக் கொறைக்கணும். தெனம் நடக்கணும், செருப்புப் போட்டு நடக்கணும். இன்னொண்ணு, பாதத்தப் பாத்துக்கங்க. இந்த வியாதில பாதம் செத்துப் போயிரும். சுட்டாலும் தெரியாது, குத்துனாலும் தெரியாது. அதனால தெனமும் சாயந்தரம் வீட்டுல யாராச்சும் உங்க உள்ளங்கால வெளக்குல பாக்கணும். வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

அவர் குழாயைக் கழுவி வைத்தார். பிறகு, "அப்ப முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. கண்ணாடி வாங்கவில்லை.

அவர் சொன்னவற்றில் நடப்பது ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கிளப்புக்குப் போகாமல் இருந்தால் என் பொழுது என்ன ஆவது? ஒரு கரண்டியைக் குறைக்கச் சொன்னால் அந்த மனிதர் முகம் என்ன ஆகும்? அதனால் சீனி அப்படியே இருந்தது.

தெற்குவாசலில் அரிசிக்கடை வைத்திருந்த ஒருவரும் அவர் மனைவியும் மாதாமாதம் கார்த்திகைக்குத் திருப்பரங்குன்றம் நடந்து போவார்கள். அவர்களோடு ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொள்வார்கள். அதிகாலையில் புறப்பட்டு, சரவணப் பொய்கையில் குளித்து, சாமி கும்பிட்டு, உச்சி வெயிலில் மலையைச் சுற்றி வருவது அவர்கள் நேர்த்திக்கடன். செருப்பில்லாமல்தான். அந்த வருஷம் மாசி மாதக் கார்த்திகைக்கு நானும் போய் அவர்கள் பின்னால் நடந்தேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரே. செருப்பைப் பற்றிச் சொன்னதை நான் மறந்துவிடவில்லை. ஆனால் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கும்போது நான் மட்டும் செருப்போடு எப்படிப் போவது?

முதல் இரண்டு மாதம் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வெயில் ஏறியபோதுதான் அது நடந்தது. மலைக்குப் பின்பக்கம் பாறையும் மணலும் கலந்த பாதை. எல்லோரும் நிழலைத் தேடி ஓடி ஓடி நின்றார்கள். அரிசிக்கடைக்காரர் கனத்த உடம்புக்காரர்; ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். நான் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் போகிறவன்போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, உங்களுக்குச் சுடலையா?" என்று கேட்டார் அவர்.

"இல்லையே" என்றேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஏர் பிடித்த வம்சம், பாதம் காய்த்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்த வம்சம் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

அவர் மனைவி என்னை உற்றுப் பார்த்தாள். "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, நான் விலகுவதற்குள், குனிந்து என் இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் கை பட்டதா, படவில்லையா என்பதுகூடப் பாதத்துக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் தெரிந்தது. ஆனாலும் நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி போனபிறகு என்னை யாரும் தொட்டதில்லை. ஒரு மனிதனைப் பன்னிரண்டு பதிமூன்று வருஷம் யாருமே தொடாமல் இருக்க முடியும் என்று சொன்னால் நம்புவீர்களா? இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் 'சாமி' ஆனேன். கூட்டத்துக்கு முன்னால் நான்தான் நடக்க வேண்டும். அந்த அம்மாள் தூக்குச்சட்டியில் கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலில் முதல் உருண்டை எனக்குத்தான். நெய்யும் வெல்லமும் கையில் வழியும். பஞ்சாமிர்தம் வேறு. தெற்குவாசல் பக்கம் போனால் கடையிலிருந்து இறங்கி வந்து, "சாமி, ஒரு வாய் ஏதாச்சும் சாப்பிட்டுப் போங்க" என்பார்கள். எப்போது கார்த்திகை வரும் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்படியே இரண்டு வருஷத்துக்குமேல் ஓடியது. என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால், வெட்கத்தோடு இதைத்தான் சொல்வேன்.

எனக்கு எப்போது உண்மை தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் ஒருநாள் பரிமாறுகிறவர் கால் இடறி, கொதிக்கக் கொதிக்கக் காப்பியை என் காலில் கொட்டிவிட்டார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே இருந்தேன். அவர்தான், "ஐயோ அண்ணே! கால எடுங்கண்ணே!" என்று அலறினார். குனிந்து பார்த்தால் புறங்கால் சிவந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மறுநாள் கொப்புளம் எழுந்தது. வலி மட்டும் இல்லை. கோரிப்பாளையத்து டாக்டர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அப்போது என் காதில் கேட்டது. பிறர் வாக்குமூலத்தை வருஷக்கணக்கில் எழுத்துப் பிசகாமல் எழுதியவன் நான். எனக்கு நினைவில்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்த கார்த்திகைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் யோசித்தேன். கூட்டத்திடம் போய், 'இது அருள் இல்லை, வியாதி' என்று சொல்லிவிடலாம். சொன்னால் கால் தப்பும். ஆனால் அதற்குப்பிறகு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? மறுபடி ஞாயிற்றுக்கிழமைப் பாயும் மண்பானையும்தான். கால் போவது என்றைக்கோ நடக்கப்போகிற காரியம். தனிமை நாளைக் காலையிலேயே வந்துவிடும். நான் சொல்லவில்லை. கொப்புளத்தின் மேல் விபூதியைப் பூசிக்கொண்டு போய் முன்னால் நடந்தேன்.

அதற்கடுத்து வந்த சித்திரைக் கார்த்திகை அன்று மலையைச் சுற்றி வந்து தேரடியில் உட்கார்ந்தபோது, என் இடது காலின் தடம் மட்டும் தரையில் ஈரமாக இருந்தது. அந்த அம்மாள்தான் முதலில் பார்த்தாள். உடைந்த சோடாப் புட்டிச் சில்லு ஒன்று குதிகாலுக்கு முன்னால் புதைந்திருந்தது. எங்கே ஏறியதோ தெரியாது. மலையின் பாதிச் சுற்றுக்காவது அதோடு நடந்திருப்பேன். அவள் அதைப் பிடுங்கிப் போட்டு, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். "இம்புட்டு ரத்தம் போயிருக்கு, முகம் சுளிக்கல பாருங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள். சிலர் விழுந்து கும்பிட்டார்கள். நான் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அறைக்கு வந்து கட்டை அவிழ்த்துக் கழுவி, மஞ்சள் அப்பிக் கட்டினேன். உள்ளங்காலை மடக்கிப் பார்க்கத் தொந்தி விடவில்லை. அதனால் பார்க்கவில்லை. ஒரு வாரம் போனது. கோர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் காற்று வரவில்லை என்று சொல்லித் தன் மேசையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். அதையும் நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மாள் விளக்குமாறோடு என் அறைக்குள் வந்தாள். "ஐயா, பெருச்சாளி ஒண்ணு செத்துக் கெடக்கு போல. முன்கட்டு வரைக்கும் நாறுது. கொஞ்சம் எந்திரிங்க" என்றாள். பெட்டியை நகர்த்தினாள், பானையைத் தூக்கினாள், மூலையெல்லாம் கூட்டினாள். நானும் எழுந்து அவளோடு சேர்ந்து பெருச்சாளியைத் தேடினேன். பிறகு அவள் நின்று, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"காலக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். அவள் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அவள் பாஷையில் ஏதோ சொல்லி முன்கட்டைப் பார்த்துக் கத்தினாள். எனக்குப் புரியாத பாஷைதான், ஆனால் அன்று புரிந்தது. அவள் புருஷன் ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். நான் எரிந்து விழுந்த அந்தக் குடும்பம்தான் என்னைத் தூக்கி ஏற்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில், கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் விட்டுக் காலை எடுத்தார்கள். முதலில் விரலோடு போகும் என்றார்கள், பிறகு பாதி பாதம் என்றார்கள், அப்புறம் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். காய்ச்சலில் எத்தனை நாள் கிடந்தேன் என்று தெரியாது. பிழைக்க மாட்டேன் என்று ஊருக்குச் சொல்லியனுப்பியதில், தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். வயலில் தண்ணீர் முறை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

காய்ச்சல் விட்டு உட்காரத் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், அரிசிக்கடை அம்மாள் கையில் பஞ்சாமிர்தத்தோடு வந்தாள். தனியாக வந்திருந்தாள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முருகன் தனக்குன்னு எடுத்துக்கிட்டான் சாமி" என்றாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்திருப்பாள். முகத்தைக் கொஞ்சம் மலர்த்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு நல்ல சேதி சாமி. உங்களுக்குக் கெடச்ச அருள் எங்க வீட்டுக்காரருக்கும் வந்துருச்சு. ரெண்டு மாசமாவே கால்ல சூடு தெரியலன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு, நாந்தான் நம்பல. போன கார்த்திகைக்கு நீங்க வரலேல்ல, அவருதான் முன்னாடி நடந்தாரு. உச்சி வெயில்ல. ஒரு எடத்துல நிக்கல."

என் காலை அறுத்த பிறகு வலித்ததைவிட அது வலித்தது. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் நின்று அவர் செம்பு செம்பாகக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அது என்ன தாகம் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அம்மா, அது அருள் இல்ல" என்றேன். "வியாதி. எனக்கும் அதே வியாதிதான். நீரிழிவு. பாதம் செத்துப் போச்சு, அதனாலதான் சுடல. இன்னைக்கே அவரக் கூட்டிக்கிட்டுக் கோரிப்பாளையத்து டாக்டர்கிட்டப் போங்க. வெறுங்கால்ல ஒரு அடி வைக்க விடாதீங்க. உள்ளங்கால்ல காயம் இருக்கான்னு பாருங்க."

அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே நின்றது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள். சாமி என்று சொல்லவில்லை.

அறுவைக்குப் பிறகு டாக்டர்கள் சொல்லித்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது.

"முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் நடந்தேன்" என்றேன்.

"ஏன்?"

"நீங்கள்லாம் என்கூட இருந்தீங்க" என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் எதிராளியாக இருந்தாலும் 'வாரேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்க மாட்டார்கள். அவள் சொல்லவில்லை. கட்டில்களுக்கு நடுவே வேகமாக நடந்து, வராந்தாவுக்குப் போனதும் ஓட ஆரம்பித்தாள்.

அவர்களில் ஒருவரும் அதற்குப்பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஊன்றுகட்டையோடு நான் வெளியே வந்தபோது இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்திருந்தது. கோர்ட்டில் மறுபடி உட்கார வைத்தார்கள். நகல் எழுதுகிறவனுக்குக் கால் எதற்கு. சீனியை விட்டுவிட்டேன். கேப்பைக் கூழும் கீரையும் நானே காய்ச்சிக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் ஒரு காலைத் தினமும் பார்க்கிறேன்.

ஆறேழு மாதம் கழித்து, தெற்குமாசி வீதியில் கூட்டத்துக்கு நடுவே அரிசிக்கடைக்காரர் போவதைப் பார்த்தேன். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. காலில் கனத்த தோல் செருப்பு. இரண்டு காலிலும். கட்டையை ஊன்றிக்கொண்டு அவர் நடையைப் பார்த்தபடியே நின்றேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் நின்றார். பிறகு தெருவின் எதிர்ப்பக்கம் மாறி, திரும்பிப் பார்க்காமல், நன்றாகவே நடந்து போனார்.